பொய் விளையாட்டு

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். எழுத்தில் ‘அவர்’ என்று மரியாதையாகவே எழுதுகிறேன். மனதுக்குள் வேறு மாதிரித்தான் சொல்லிக்கொள்வேன்.

என் கணவரின் ஒரே அக்கா அவர். இருவரும் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். தாய் சீக்கிரமே இறந்துபோனதால் தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவர் அக்காதான். அதை நான் மறுக்கவில்லை. மறக்கவும் வழியில்லை, அடிக்கடி ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார். படித்து, கண்டிக்கு வந்து, கட்டாரில் வேலை செய்யும் ஒருவரைக் கல்யாணம் செய்து, குண்டசாலையில் மாடி வீடு கட்டியிருந்தார். கீழே, கார் நிறுத்துவதற்காகக் கட்டிய இடத்தில் சின்னக் கதிரைகளைப் போட்டு, சுவரெல்லாம் படங்கள் ஒட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கில நேர்சரியும், மாலையில் டியூஷனும் நடத்தினார். மேல்மாடியை எங்களுக்கு விட்டிருந்தார்.

அந்த வீட்டில் தோட்டம் என்ற வார்த்தை பூச்செடி வைக்கும் இடத்துக்கு மட்டும்தான். யாராவது சொந்த ஊர் கேட்டால், “நாங்க கண்டி” என்று முடித்துவிடுவார். நான் ஹுன்னஸ்கிரியவில், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஓர் அறையில் பிறந்தவள். கேட்டால் அப்படியே சொல்வேன். நான் சொல்லும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே சில சமயம் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

என் மகள் மூன்று வயது தாண்டியும் பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. கீழே வாசல்கதவு திறந்தால் முதலில் ஓடிப்போய் எட்டிப்பார்ப்பது அவள்தான். ஆனால் வாயில் வார்த்தை இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் போத்தலின்மேல் வைப்பாள். பசித்தால் அழுவாள். ஃபோனில் பாட்டுப் பார்த்துப் பார்த்து, ‘பர்ப்பிள்’ என்று மட்டும் தெளிவாகச் சொல்வாள். எதைக் காட்டினாலும் பர்ப்பிள். சோறும் பர்ப்பிள், நானும் பர்ப்பிள்.

ஃபோனைக் கையில் கொடுத்தவர் நாத்தனார். “தமிழ்ல பேசிப் பேசிப் புள்ளய கொழப்பாதீங்க. இங்கிலிஷ் மட்டும் காதுல விழட்டும்” என்று எங்கள் வீட்டில் சட்டம் போட்டவரும் அவர்தான். என் கணவர் தலையாட்டினார். அக்கா சொன்னால் அவருக்குத் தலை தானாக ஆடும். நான் டவுனில் ஒரு மருந்துக்கடையில் காலை வேலை செய்கிறேன். என் ஆங்கிலம் மருந்துக்கடை ஆங்கிலம். சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, குலுக்கிவிட்டுக் குடிக்கவும். இதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்பேன். நாய்க்குட்டியைப் பழக்குவதுபோல இருக்கும். பிறகு நானும் பேசாமல் இருந்துவிடுவேன். மாலை முழுக்க அந்த மேல்மாடியில் ஃபோன்தான் பேசியது.

நாத்தனாருக்குத் தெரியாமல்தான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பேச்சுச் சிகிச்சை செய்பவர் என்னைவிட இளையவர், முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண். மலர்ந்த முகத்தோடு பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் எதையெதையோ உருட்டி விளையாடினார்; என் பக்கம் திரும்பும்போது சிரிப்பை அணைத்துவிட்டார்.

“வீட்டுல பிள்ளையோட எந்த பாஷையில கதைக்கிற நீங்க?”

“இங்கிலிஷ்ல, மிஸ்.”

“ஒங்களுக்குக் கோவம் வந்தா எந்த பாஷையில ஏசுவீங்க?”

நான் கொஞ்சம் தயங்கி, “தமிழ்ல” என்றேன்.

“அப்ப தமிழ்லயே கதைங்க. ஒங்களுக்கு ஏச வராத பாஷையில கொஞ்சவும் வராது. இந்தப் பிள்ளைக்கு யாருமே ஒழுங்காக் கதைச்சிக் காட்டல்ல. ஃபோன் கதைச்சா பிள்ள பதில் சொல்லுமா? சொன்னாலும் ஃபோனுக்குக் கேக்குமா?”

என் முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரியே இல்லை. ஃபோனை எடுத்து வைத்துவிடச் சொன்னார். வீட்டில் இருக்கும் சாமான்களைக் கொண்டே விளையாடச் சொன்னார். கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை என்றார். சட்டி மூடிகள், துணி, பை, கரண்டி போதும். ஒன்றைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பதிலாக நான் பதில் சொல்லக்கூடாது. “ஏலாதுன்னு மட்டும் வந்து சொல்லாதீங்க” என்று முடித்தார். வெளியே வந்து பஸ் ஏறும்வரை அவரைத் தமிழில் ஏசிக்கொண்டே வந்தேன்.

அன்று மாலையே குசினித் தரையில் உட்கார்ந்தோம். எல்லாச் சட்டிகளின் மூடிகளையும் கழற்றிக் குவித்தேன். “இந்தச் சட்டிக்கு மூடி எங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில் அவள் ஒரு மூடியை எடுத்துச் சட்டிமேல் அடித்தாள். பொருந்தவில்லை. “பெருசு” என்றேன். இன்னொன்றை எடுத்து அடித்தாள். “சின்னது.” அப்புறம் அவளுக்கு மூடியைவிட அடிப்பது பிடித்துப்போய்விட்டது.

நாத்தனார் மேலே வந்தார்.

“என்ன இங்க சட்டிபானைக் கச்சேரி? கீழ டியூஷன் நடக்குது, தெரியுந்தானே?”

“வெளையாடுறோம், அண்ணி.”

“இதெல்லாம் லயத்து வெளையாட்டு. ஃபோன் எங்க?”

“அலுமாரியில. பூட்டிட்டேன்.”

ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னேன். எப்படியும் தெரியத்தான் போகிறது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யாரைக் கேட்டுப் போன? எங்கிட்ட வர்ற தாய் தகப்பன் காதுல விழுந்தா என்னா நெனைப்பாங்க? டீச்சர் வீட்டுப் புள்ளைக்கே பேச்சு வரல, மருந்து கட்டிக்கிட்டுத் திரியுதுன்னு சொல்ல மாட்டாங்களா?”

பிள்ளை பேசாதது அவருக்குப் பெரிய கவலை இல்லை, ஆட்கள் பேசிவிடுவார்களே என்பதுதான் கவலை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

தலையணை உறை ஒன்றை எடுத்து அதற்குள் சாமான்களைப் போட்டேன். தேங்காய் மட்டை, குளிக்கிற சவர்க்காரம், பஞ்சு, சாறு பிழியும் தேசிக்காய் ஒன்று, கணவரின் பழைய தோல் பெல்ட். கையை உள்ளே விட்டு, பார்க்காமல், தொட்டு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதலில் நான்தான் சொன்னேன். “ஐயோ, சொரசொர! இது வழவழ! இது மெத்துமெத்து!” ஆங்கிலத்தில் இப்படி என்னால் ஒரு நாளும் சொல்லியிருக்க முடியாது. சொல்லும்போதே என் முகமும் குரலும் மாறியிருக்க வேண்டும். அவள் உறையை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் வெறும் பார்வைதான். ஒரு மாலை, வேலை முடிந்து வந்த தகப்பன் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தபோது, சவரம் செய்யாத கன்னத்தைத் தடவிப் பார்த்து, “சொரசொர” என்றாள்.

என் கணவர் அவளைக் கீழே இறக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றார். “என்னா சொன்னிச்சு?” என்று என்னைக் கேட்டார். “நீங்களே கேளுங்க” என்றேன். இன்னொரு தடவை சொன்னாள். அவர் கண்கள் நனைந்தன. பிறகு செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கீழே அக்காவிடம் ஓடினார். அவர் சொல்வதை நான் படியில் நின்றபடி கேட்டேன். “அக்கா, புள்ள பேசுது! சொரசொரங்குது!” பிறகு நாத்தனாரின் குரல்: “இது என்ன வார்த்த? ரஃப்னு சொல்லச் சொல்லு.”

காலையில் நான் வேலைக்குப் போனதும் பிள்ளை நேர்சரியில் அவர் கையில் இருந்தாள். நான் கட்டுவதை அங்கே அவிழ்ப்பதாக எனக்குத் தோன்றும். மத்தியானம் வந்து பார்த்தால், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போயிருக்க, இவள் மட்டும் மூலையில் நாத்தனாரின் ஃபோனோடு உட்கார்ந்திருப்பாள். நான் ஃபோனை வாங்கித் திருப்பிக் கொடுப்பேன். அவர் வாங்காமல் மேசையைக் காட்டுவார். நான் மேசையில் வைப்பேன். ஒரு வார்த்தை இருக்காது. பிள்ளை மட்டும் கத்தும்.

பஸ்ஸில் போகும்போதும் விட மாட்டேன். ஜன்னலில் தெரிவதையெல்லாம் கேட்பேன். “அங்க என்னா நிக்குது?” காத்திருப்பேன். பஸ் நகர்ந்துவிடும், மாடு பின்னால் போய்விடும், நான் காத்திருப்பேன். அடுத்த நிறுத்தத்துக்கு வந்த பிறகு அவள் “மாடு!” என்று கத்துவாள். முன்னால் இருந்த பெண் ஒருத்தி திரும்பித் திரும்பி முறைத்தாள். நானும் திருப்பி முறைத்தேன். அந்த நாட்களில் யார் முறைத்தாலும் எனக்கு நாத்தனாரின் முகம்தான் தெரிந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பேச்சுச் சிகிச்சைப் பெண் இன்னொரு விளையாட்டைச் சொன்னார். வேண்டுமென்றே பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும். கரண்டியைக் காட்டிச் செருப்பு என்று சொல்ல வேண்டும். பிள்ளை திருத்தும். “பெரியாள் பிழை விட்டாத்தான் பிள்ளைகளுக்குக் கதைக்க ஆசை வரும்” என்றார். அன்றைக்கும் சிரிக்கவில்லை. ஆனால் நான் போகும்போது பிள்ளையின் தலையைத் தடவினார்.

வீட்டில் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, “இது செருப்பு” என்றேன். அவள் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். நான் கரண்டியைக் காலில் மாட்டப் போனேன். அவள் எழுந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, “இல்ல!” என்றாள். “பின்ன?” என்றேன். “கண்டி.” எங்கள் நகரத்தின் பெயரைச் சொன்னதுபோல இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் அவளுக்கு வேறு விளையாட்டே வேண்டாம் என்றாகிவிட்டது. நான் தப்பாகச் சொல்லும்போதெல்லாம், “பொய்!” என்று கை தட்டிக் கத்திவிட்டுச் சரியான பெயரைச் சொல்வாள். வாளியைத் தொப்பி என்றேன். “பொய்! வாளி!” பேக்கரிப் பாணைத் தலையணை என்றேன். “பொய்! பாண்! திங்கிற பாண்!” அவைதான் அவள் சேர்த்துச் சொன்ன முதல் வார்த்தைகள். நேர்சரிக்கு வெளியே, எங்கள் மேல்மாடியில், அந்தப் பிள்ளை ஓயாமல் பேசத் தொடங்கியிருந்தாள். கீழே போனதும் வாயை மூடிக்கொள்வாள். அது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வருட முடிவில் பெற்றோரை அழைத்து நாத்தனார் ஒரு விழா வைப்பார். அந்த வருடமும் வைத்தார். பலூன்களும் தோரணமும் கட்டி, பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். பாட்டும் ஆட்டமும் முடிந்தன. பிறகு நாத்தனார் பட அட்டைகளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஓர் அட்டையைத் தூக்கிச் சொல்வார். பிள்ளைகள் கூடச் சொல்ல வேண்டும். நன்றாகப் பழக்கியிருந்தார்.

காகத்தின் படத்தைத் தூக்கினார். “திஸ் இஸ் எ க்ரோ!”

பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் என் மகள் எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கையைத் தட்டிக்கொண்டு, “பொய்! காக்கா!” என்றாள்.

சபையில் இரண்டொருவர் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தார். “அம்ப்ரெல்லா!”

“அத்த பொய்! குட!”

அதற்குள் பக்கத்திலிருந்த முஸ்லிம் பையனுக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. “குட! குட!” என்று அவனும் எழுந்தான். சிங்களப் பிள்ளைகள் “குடே! குடே!” என்று கத்தினார்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை காகத்தை மறக்காமல் இன்னும் “கபுட்டா!” என்று கூவிக்கொண்டிருந்தது. நாத்தனார் அட்டையை மாற்றிப் பார்த்தார். எந்த அட்டையைத் தூக்கினாலும் ஒரே பொய், பொய் என்ற சத்தம். பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. பிள்ளைகளின் குதூகலம் அவர்களையும் பிடித்துக்கொண்டது. ஆனால் நாத்தனார் அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கியதை நான் பார்த்தேன். பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. நான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

பெற்றோர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

“நீ தானே சொல்லிக்குடுத்த?”

“வெளையாடச் சொல்லிக்குடுத்தேன், அண்ணி. ஒங்கள ஒண்ணும் சொல்லச் சொல்லல.”

“புள்ளய ஏவிவிட்டு என்ன அவமானப்படுத்திட்ட.”

“புள்ள அத்தனை பேருக்கு முன்னால பேசிருச்சு. அது ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?”

“பேச்சா அது? தோட்டக்காட்டுப் புத்தி எங்க போகும்?”

நான் குரலைத் தாழ்த்தவில்லை. “ஏன் அண்ணி, ஒங்க தோட்டம் தெல்தோட்ட, என் தோட்டம் ஹுன்னஸ்கிரிய. நீங்க எந்த லயத்துல பொறந்தீங்கன்னு நான் சொல்லவா, ஒங்க தம்பி சொல்லட்டுமா?”

கீழே தேநீர்க் கோப்பையோடு நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் கேட்டிருந்தது. நாத்தனார் என்னைத் தாண்டி மேலே போனார். குசினியிலிருந்து தலையணை உறையை எடுத்து வந்து, தலைகீழாகப் பிடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் படிகளில் கொட்டினார். தேசிக்காய் உருண்டு உருண்டு கீழே ஒரு தாயின் காலடிவரை போனது. “வேற எடம் பாருங்க” என்றார். ஓடிவந்து நின்ற தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

என் கணவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “ஜெயிச்சிட்டல்ல? சந்தோஷமா?” சந்தோஷம்தான் என்று சொல்லவந்து விழுங்கிவிட்டேன். வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். தட்டை எடுத்து வைப்பேன், கழுவி வைப்பார். வாய் திறப்பதில்லை. பேசாத பிள்ளை பேசத் தொடங்கியதும் தகப்பன் வாயை மூடிக்கொண்டார்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் முகத்துக்கு நேரே பிடித்தாள். “அப்பா, இது தொப்பி” என்றாள். அவர் அசையவில்லை. அவள் கத்தவில்லை, இழுக்கவில்லை. நான் அவளிடம் செய்வதைப்போலவே, வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள். பிறகு செருப்பை அவர் தலையில் வைத்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொய்” என்றார் அவர். அதைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தார். “செருப்பு.”

அவள் அடுத்த சாமானைத் தேடி ஓடினாள். அவர் அவளோடு பேசினார். என்னோடு பேச இன்னும் பல நாட்கள் ஆயின.

தென்னக்கும்புரப் பக்கம் ஒரு சின்ன வீடு கிடைத்தது. ஆற்று ஈரம் சுவரில் ஏறும். துணி காய்வதில்லை. ஆனால் படியேறி வந்து கேள்வி கேட்க அங்கே ஆளில்லை. நாத்தனார் வீட்டுக்கு என் கணவர் மட்டும் மாதத்தில் ஒரு நாள் போய்வருவார். எதையும் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழில் வாய் ஓயாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சிங்களத்தில் சண்டை போடுகிறாள். ஆங்கிலமும் பள்ளிக்கூடத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் அவளைக் குழப்பவில்லை, எதுவும் குழம்பவுமில்லை.

அண்மையில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பாட்டு மண்டபத்தில் அடுத்த மேசையில் நாத்தனார் பட்டுப்புடைவையோடு உட்கார்ந்திருந்தார். அவர் குரல் எனக்குக் கேட்கும்படியே இருந்தது.

“தம்பி மகளா? நம்ம நேர்சரியில படிச்ச புள்ளதான். வந்தப்ப வாயே தெறக்காது. நாந்தான் பாடுபட்டுப் பேச வச்சேன்.”

கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டேன். நான் எழுவதற்குள் கணவர் என் கையை மேசைக்கடியில் இறுக்கிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து என் மகள், யாரும் சொல்லாமலே, அத்தை என்று ஓடிப்போய் அவர் மடியில் சாய்ந்தாள். அவர் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். அவள் ஆங்கிலத்திலேயே அழகாகப் பதில் சொன்னாள். நாத்தனார் தலையை நிமிர்த்தி மேசையிலிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. கணவரின் பிடி இன்னும் இறுகியது. நான் கையை உதறிக்கொண்டு, கை கழுவப் போய்விட்டேன். தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் நின்றேன்.

வீட்டுக்கு வரும்போது மூவரும் ஒரு ஆட்டோவில் வந்தோம். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில்.

“அத்த ஏன் நம்ம வீட்டுக்கு வர மாட்டேங்குது?” என்று கேட்டாள்.

கணவர் அந்தப் பக்கம் பார்த்தார், நான் இந்தப் பக்கம் பார்த்தேன். அவர் சொல்லட்டும் என்று நானும், நான் சொல்லட்டும் என்று அவரும் இருந்தோம்.

“அம்மாவுக்கும் அத்தைக்கும் கோவமா? யாரு மொதல்ல ஏசுனது? அப்பா யாரு பக்கம்?”

மழை தூறியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். அவள் விடவில்லை. கேட்பதற்கு அவளிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.